தட்டினால் எரியும்

நவதிருப்பதியில் சூரியனுக்குரிய தலம் எங்கள் ஸ்ரீவைகுண்டம். சித்திரையிலும் ஐப்பசியிலும் வெயில் கோயிலுக்குள் நுழைந்து பெருமாள் மேல் விழும். அப்படிப்பட்ட ஊரில்தான் அண்ணாச்சியின் அம்பாசிடரில் ராத்திரியானால் மீட்டர் போர்டு இருண்டு கிடக்கும்.

அண்ணாச்சி என்றால் ஒரே ஒருவர் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகும் விற்க மனசில்லாமல் வேப்பமரத்தடியில் கட்டிப்போட்டு வளர்க்கிறார்களே, அந்த இனம். தெருவுக்கு ஒருவர் தேறுவார். எங்கள் தெரு அண்ணாச்சியை எனக்கு நெருக்கமாகத் தெரியும். டார்ச் பிடிப்பவன் நான்தான்.

அது லேசுப்பட்ட வேலையில்லை. அவர் தலை பிரேக் மிதிக்குக் கீழே இருக்கும், கால் இரண்டும் கதவுக்கு வெளியே. “இங்க அடியும் வே... இங்கங்கேன், நீரு எங்க அடிக்கீரு?” அந்த ‘இங்க’ எங்கே என்பதை வெளியே நீட்டியிருக்கும் கால் கட்டைவிரலின் கோபத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

சுண்டுவிரல் நுனியளவு பல்பைப் பிடுங்கிக் காதோரம் ஆட்டுவார். வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். “இப்ப வார பல்பெல்லாம் மட்டம்” என்று தீர்ப்புச் சொல்லிப் புதுசு மாட்டுவார். பழையதை எறிய மாட்டார். விபூதி டப்பாவில் பதினோரு பல்பு சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்பது நன்றாக எரியும் என்பது என் சந்தேகம்.

கோளாறு வந்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். தாமிரபரணி ஊருக்குள் வந்து, செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனில் நின்றுபோனதே, அப்போது. வண்டிக்குள் டேஷ்போர்டு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. இன்ஜினைச் சரிசெய்து ஓட்டிவிட்டார். மீட்டர் விளக்கு மட்டும் வரவில்லை.

பிறகு ஒருநாள் கோபத்தில் டேஷ்போர்டை ஓர் அடி அடித்தார். எரிந்தது!

அன்றிலிருந்து அதுவே வைத்தியம். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி, உள்ளங்கைக் குழி படும்படி அடிக்க வேண்டும். பலமாக அடித்தால் வராது, தடவினாலும் வராது. தட்டித் தட்டி அந்த இடம் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளக்கிறது. மருமகனுக்குக்கூட அவர் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததில்லை. எரிகிற வெளிச்சமும் அடுத்த பள்ளம் வரைதான். அதனாலென்ன? “எனக்கு மீட்டர் எதுக்கு வே? சத்தத்தை வச்சே ஸ்பீடைச் சொல்லிருவேன்.”

போன மாதம் அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, மருமகன் வண்டியை ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் விட்டுவிட்டான். சின்னப் பையன். சாவியைத் திருப்பிப் பார்த்தான். “ஆயில் லைட்டு எரியுது, மீட்டர் லைட்டு மட்டும் மொத்தமா இல்ல. எல்லா பல்பும் ஒண்ணா சாவுமா? எர்த்து கட்டு.” ஆயில் லைட்டுக்கு எர்த் இன்ஜின் பக்கமிருந்து வந்துவிடும், மீட்டர் பல்புகளுக்கு அவை மாட்டியிருக்கும் பெட்டியின் தகரம்தான் எர்த். உள்ளே வண்டலும் பச்சைக் களிம்பும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புது வயர் ஒன்று இழுத்தான். கால் மணி நேரம், 150 ரூபாய்.

அண்ணாச்சி ஒரு வாரம் மருமகனோடு பேசவில்லை.

நேற்று திருச்செந்தூர் போய்த் திரும்பினோம். இருட்டிவிட்டது. மீட்டர் போர்டு கல்யாண வீடு மாதிரி எரிந்தது. தென்திருப்பேரை தாண்டியதும் வழக்கம்போல் ஆரம்பித்தார்: “எம்பதுல போறோம் வே. கொஞ்சமாவது ஆடுதா பாத்தீரா?”

பார்த்தேன். அவரும் பார்த்தார். முள் நாற்பத்தைந்தில் நின்றது.

ஆழ்வார்திருநகரி வரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பிறகு அண்ணாச்சி மெல்லக் கையைத் தூக்கி, அந்தப் பளபளத்த இடத்தில் குறி தப்பாமல் ஓர் அடி அடித்தார். விளக்கு அசையவில்லை. இன்னொன்று அடித்தார்.

“வேல தெரியாத பய” என்றார்.