மிஞ்சிய வான்கோழி

கிறிஸ்துமஸ் வான்கோழி இருமுறை உண்ணப்படும் பறவை. டிசம்பர் 25 அன்று கத்தி, முள்கரண்டி, மரியாதை ஆகியவற்றோடு. 26 அன்று வெறுங்கையால், குக்கரிலிருந்து நேராக. இரண்டாம் நாள்தான் ருசி என்பதை முதல் நாள் விருந்தாளிகளிடம் எந்த வீட்டிலும் சொல்வதில்லை.

சேர்வராயன் மலைக்கு இந்தப் பறவை புதிது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பின்னால் தோட்டத் துரைமார்களும் மிஷனரிகளும் வந்தார்கள். கிறிஸ்துமஸ் விருந்தும் மலையேறியது. வான்கோழியின் பூர்வீகமோ அமெரிக்கக் கண்டம். 1612-ல் கோவாவிலிருந்து தன் அவைக்கு வந்த ஒன்றைப் பார்த்து வியந்த ஜஹாங்கீர், அதைப் படமாக வரையச் செய்தார். புத்திசாலித்தனமான முடிவு. வரைந்த வான்கோழி மிஞ்சுவதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பெயரை முதலில் கேட்பது மூதுரையில், மயிலைப் பார்த்து ஆடப்போய் மானம் இழந்த பறவையாக. இன்று பிரியாணிக்காகவே நந்தனம் வான்கோழி-1 போன்ற இனங்களை வளர்ப்பவர்கள் உண்டு. பழைய அவமானத்தை ஓரளவு அது துடைத்திருக்கிறது.

மிஞ்சுவதற்கு முதல் காரணம் அளவு. நன்கு வளர்ந்த சேவல் ஏழெட்டு கிலோ வரும். நாலு பேர் வீட்டில் அது பறவையல்ல, பொறுப்பு. இரண்டாவது காரணம் மார்புக்கறி. அதில் கொழுப்பு மிகக் குறைவு. தொடை வேகும்வரை அடுப்பில் இருந்தால் மார்பு வறண்டு சக்கையாகிவிடும். விருந்தாளிகள் தொடையை முடித்துவிட்டு, மார்பைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

அடுத்து பத்திரப்படுத்துதல். டிசம்பர் இரவில் ஏற்காடே ஒரு ஃபிரிட்ஜ்தானே என்று மூடிபோட்டுத் திண்ணையில் வைப்பது மலைவாசிகளின் நெடுநாள் நம்பிக்கை. அங்கே இரவுக் குளிர் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி அளவில் இருக்கும்; கிருமிகளோ 5 முதல் 60 டிகிரி வரை சுகமாகப் பெருகும். போர்வை தேவைப்படுவது மனிதருக்கு மட்டும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சதையை எலும்பிலிருந்து பிய்த்து, ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு, உண்மையான ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மூன்று, மிஞ்சினால் நான்கு நாள் தாங்கும்.

எலும்பை எறிவது பாவம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எதுவும் சாவகாசமாகத்தான் வேகும். அதனால் மலையில் குக்கர் ஆடம்பரமல்ல. எலும்போடு இஞ்சி, வெங்காயம், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியின் மிளகு கொஞ்சம் போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து வடிகட்டினால் சாறு தயார்.

இனி பிரியாணி. அதே குக்கரில் எண்ணெயும் நெய்யும் காயவைத்து பட்டை, கிராம்பு, வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி பூண்டு விழுது, புதினா, ஒரு கரண்டி தயிர் என்று வரிசையாக வதக்கி, ஊறிய சீரகச் சம்பாவைப் போட்டு, ஒன்றுக்கு இரண்டு அளவு சாறு ஊற்றி மூட வேண்டும். கறியை இப்போது சேர்க்கக்கூடாது. ஒருமுறை வெந்த மார்புக்கறியை அரிசியோடு மறுபடி விசிலுக்கு அனுப்பினால் தேங்காய் நார்தான் கிடைக்கும். இரண்டு விசில் வந்து, ஆவி அடங்கித் திறந்ததும், சாற்றில் நனைத்த சதையை மேலே பரப்பி, மூடி, சிறுதீயில் பத்து நிமிடம் தம் போட வேண்டும். நடுவிலிருக்கும் துண்டும் ஆவி பறக்கச் சுட வேண்டும்.

மிச்சத்தைப் புதுச் சமையலாக்குவது பழைய வித்தைதான். ஆங்கிலோ இந்திய வீடுகள் முந்தைய நாள் ரோஸ்ட்டை வெங்காயம், மிளகாயோடு பிரட்டி ஜால்ஃப்ரேஸி ஆக்கின. நம் வீடுகள் விருந்துக்கு மறுநாள் எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்டவைத்தன. இந்தப் பிரியாணி ஒரே பாத்திரச் சமையல் என்பது சமைப்பவர் சொல்வது. வடிகட்டி, சாறு வைத்த சட்டி, தயிர்ப் பச்சடிக் கிண்ணம் எல்லாம் சேர்ந்தால் கழுவுபவர் கணக்கு வேறாக இருக்கும்.

அரிசியை ஆள் கணக்குப் பார்த்தே போட வேண்டும். சோறும் வெளியில் கிடந்தால் வயிற்றைக் கலக்கும். பிரியாணிக்குப் போகவும் சதை இருந்தால் மிளகு தூக்கலாகப் பிரட்டி ரொட்டிக்குள் வைக்கலாம், 28-ஆம் தேதி வரை.