கினிகத்தேனையில் அச்ச வகை

அச்சத்துக்குப் பெயரிடும் துறையில் கிரேக்க மொழிக்கு ஏறக்குறைய முற்றுரிமை உண்டு. போர்க்கடவுள் ஏரிஸுக்குப் போபோஸ், டெய்மோஸ் என மைந்தர் இருவர். 1877இல் அசாப் ஹால் செவ்வாயின் இரு துணைக்கோள்களைக் கண்டறிந்தபின் அவை இவ்விருவர் பெயரையும் பெற்றன. போபோஸின் பெயர் மட்டும் மருத்துவத்தில் விகுதியாகவும் பணிபுரிகிறது. 1871இல் ஜேர்மனிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால், வெட்டவெளியைக் கடக்க அஞ்சியோரின் நிலையை, சந்தைத்திடலைக் குறிக்கும் 'அகோரா'வை முன்னிட்டு 'அகோரபோபியா' என்றார். 1879இல் பெஞ்சமின் பால், அடைத்த அறைக்கு அஞ்சுவதைக் 'கிளோஸ்ட்ரோபோபியா' என்றார். இதன் தலை இலத்தீன், வால் கிரேக்கம். மொழித்தூய்மையாளர் இதைக் குறையென்பர். மலையகத் தோட்டங்களில் இது குறையாகக் கொள்ளப்படுவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் காக்கும் ரோதைமுனியின் பெயரில் 'ரோதை' போர்த்துக்கேயரின் சக்கரம். முனி நம்முடையவர்.

கினிகத்தேனை என்பது சிங்களத்தில் 'தீப்பற்றிய சேனை' எனப் பொருள்படும். பெயரளவில் இவ்வூர் நெருப்பச்சமாகிய பைரோபோபியாவுக்கு உரியது. நடைமுறையில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் இலங்கையின் மிக ஈரமான நிலங்களுள் ஒன்று. வட்டவளையின் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டும். எனவே 'ஓம்ப்ரோஸ்' என்னும் மழையிற் பிறந்த ஓம்ப்ரோபோபியா இங்கே செழித்திருக்க வேண்டும். செழிக்கவில்லை. மழைக்கு அஞ்சுபவர் மலைக்குப் போக முடியாது. மலைக்குப் போகாதவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளக் கணக்கு, போடப்படாது. மழையோடு வரும் மண்சரிவுக்கோ வழக்கிலுள்ள கிரேக்கப் பெயர் எதுவும் இல்லை. அடைமழை இரவில் மண்மேட்டின் அடியிலுள்ள லயத்தில் விழித்திருப்போர் பெயரில்லாமலே அஞ்சி முடிக்கின்றனர்.

இத்தகைய இடைவெளிகளால் கிரேக்கரைச் சற்று ஒதுக்கி, தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலை நாடுவது முறையாகிறது. அவர் அச்சத்தின் களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தார். தேயிலை அறியாத காலத்தில் வகுத்தும் தோட்டத்தில் எதுவும் வெளியே நிற்கவில்லை.

அணங்குக்கு ரோதைமுனி போதும். படையல் ஒழுங்காக நடக்கும் வரை சக்கரம் கையைப் பிடிக்காது என்பது நம்பிக்கை. ஓடும் பட்டியருகே நின்று வேலை செய்தவர் எவரும் இவ்வச்சத்தை மிகையெனக் கூறார்.

விலங்கு விரிவான ஆய்வுக்குரியது. சிறுத்தையைப் பூனையச்சமாகிய ஐலுரோபோபியாவில் அடக்கிவிட்டு அட்டைக்கு வரலாம். அட்டை கிரேக்கத்தில் 'ப்டெல்லா'. மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பது தமிழ் மரபாதலால் இகரம் சேர்த்துப் 'பிடெல்லோபோபியா' என்பதே பொருந்தும். இலங்கை நில அட்டையின் விலங்கியற் பெயரான 'ஹேமடிப்ஸா'வும் கிரேக்கமே: இரத்த வேட்கை. இனி, அஞ்சுவோர் யார் என்பது. கொழுந்தெடுக்கும் பெண், படங்கைக் கட்டுமுன் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சவர்க்காரத்தை அழுத்தித் தேய்க்கிறாள். அதையும் தாண்டி ஏறியதை நகத்தால் நெம்பி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டிச் சுண்டுகிறாள். மற்றக் கை கொழுந்தை விடுவதில்லை. கடிவாயில் இரத்தம் உறையாமல் வழிகிறது. அதற்கு நிரை நிற்பதில்லை. கித்துல்கலைக்குப் படகு விளையாட வந்தவரோ ஓர் அட்டையைக் கண்டதும் கூவுகிறார். பிடெல்லோபோபியா ஆகவே கீழ்நாட்டிலிருந்து பேருந்தில் வந்திறங்குவது, தோட்டத்தில் விளைவதன்று.

குளவியில் சிக்கல் கூடுதல். பத்திரிகைகள் 'குளவிக் கொட்டுக்கு இலக்கானோர்' என எழுதும் சம்பவங்கள் பலவற்றில் கொட்டியது, பாறையிலும் உயர்மரத்திலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் பெருந்தேனீ. குளவிக்கு அஞ்சுவது 'ஸ்பெக்ஸ்' வழியாக ஸ்பெக்ஸோபோபியா; தேனீக்கு அஞ்சுவது 'மெலிஸ்ஸா' வழியாக மெலிஸ்ஸோபோபியா. பெயர் துணியும் வழி எளிது. தேனீயின் கொடுக்கு முள்ளுடையது, தோலிலேயே தங்கிவிடும். குளவி தன் கொடுக்கை மீட்டுக்கொள்ளும். ஆக, வைத்தியசாலைக் கட்டிலில் கொடுக்குகளைப் பிடுங்கும்போதுதான் முன்பு கொண்டிருந்த அச்சத்தின் சரியான பெயர் தெரியவருகிறது. மருத்துவ நூல்கள் ஆபத்தின் அளவை மீறிய அச்சத்தையே போபியா என்கின்றன. கொட்டுப்பட்டு இறந்தோர் பலர் உள்ள மலையில் அந்த மிகை எங்கும் காணப்படவில்லை. இரு பெயர்களும் இங்கே பயனின்றிக் கிடக்கின்றன. கூடுகள் மட்டும் உரிய இடத்தில் தொங்குகின்றன.

கள்வரைப் பொறுத்தவரை ஓர் ஐயம் தீர்க்கப்பட வேண்டும். கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் நிறையிலிருந்து ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுகிறது. சாக்கின் எடை சாக்கின் எடையே. கழிவு அதைவிடக் கூடும்போது, மிகுதியைக் கள்வரில் சேர்ப்பதா, தம் இறையில் சேர்ப்பதா? கழிப்பவர் பகலில், பலர் முன்னிலையில், பேரேட்டில் குறித்துக் கழிக்கிறார். கள்வரின் இலக்கணத்துக்கு இவை மூன்றும் மாறானவை. எனவே தம் இறை.

தம் இறை என்னும் நான்காம் களனில் முன்பு துரை, பெரியகங்காணி, கணக்கப்பிள்ளை எனப் படிநிலை இருந்தது. இன்று அச்சம் ஆளைவிட்டு எண்ணுக்கு மாறியிருக்கிறது. 18 கிலோ, சில இடங்களில் 20 கிலோ எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம். பச்சை குறைந்த மாதங்களில் பிற்பகலுக்குப் பின் நிரை முழுவதும் பேச்சடங்கிக் கைவேகம் கூடுவது இதன் மெய்ப்பாடு. ஒரு கிலோ குறைந்ததற்குப் பாதிநாள் போவது பெருங்கொடுமை; அளவை மீறியது எதுவெனத் தேடுவோர் அச்சத்தை விட்டுப் பேரேட்டைப் பார்ப்பது நன்று.

பெயரச்சத்துக்கு 'ஒனொமாட்டோபோபியா' என்ற சொல் ஏற்கெனவே உள்ளது. பாதியைக் குறிக்கும் 'ஹெமி'யை முன்னே சேர்த்தால் ஹெமியொனொமாட்டோபோபியா கிடைக்கும். பிரட்டுக்களத்தில் கூப்பிட நீளம் அதிகம். தமிழில் 'அரைப்பேரச்சம்' எனலாம். இதனை அரைப்பேர் என்பதும் அச்சம் என்பதும் புணர்ந்ததாகவே கொள்க. அரை, பேரச்சம் எனப் பிரித்துப் பாதியளவான பேரச்சம் என்று பொருள் கொள்வது பிழை. அச்சம் முழுமையானது, பேர்தான் அரை.