உடைந்தது, கடித்தது, விலைபோனது

1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. அங்கே முதலில் விலைபோனது உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்தே வாங்கினாராம் அந்தப் புண்ணியவான்.

இன்று ஏழு நாள் ஏலத்தில் ஆறே முக்கால் நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. கடைசி விநாடியில் ஒரு மென்பொருள் பாய்ந்து பொருளைக் கொத்திக்கொண்டு போகும். விதிப்படி அது குற்றமில்லை.

விற்பவர் பாடு இன்னும் மோசம். ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் மறைவார். ஆத்திரம் தீரத் திட்டலாமென்றால், 2008 முதல் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர விற்பவருக்கு உரிமையில்லை. பாராட்டலாம், அல்லது வாயை மூடிக்கொள்ளலாம்.

2004-இல் மேரி மாதா முகம் தெரிவதாகச் சொல்லப்பட்ட, பத்தாண்டுப் பழசான, ஏற்கெனவே ஒரு கடி கடித்த சாண்ட்விச் 28,000 டாலருக்குப் போனது. நல்ல கேமராவை விற்க நினைப்பவர்கள் முதலில் அதை ஒரு கடி கடித்து வைக்கவும்.