எச்சி துப்பிட்டு எறங்கு, தம்பி

வாப்பா, இப்பிடித் திண்ணையில குந்து. அந்தமானுக்குப் போறியாமே? கடல்ல மூஞ்சியக் கவுத்துப் போட்டுக்கினு மீனு பாக்கப் போறியாம். ஒங்கப்பன் நேத்து டீக்கடையில சொன்னான். சொல்லும்போது அவன் மூஞ்சியில பெருமை பாதி, கடன் பாதி.

நல்லது, போயிட்டு வா. நான் தடுக்கல. ஒங்க தாத்தன் பிரான்சு பட்டாளத்துல சொல்தாவா இருந்து பென்சன் வாங்கி வச்சிட்டுப் போனாரான்னும் கேக்கல. போறதுக்கு முன்ன இந்தக் கெழவன் பேச்ச ரெண்டு காதுலயும் வாங்கிக்க. நானும் போயிட்டு வந்தவன்தான். இன்னாடா அப்பிடிப் பாக்குற? நம்ம பாகூரு ஏரிக்கரையத் தாண்டாதவன்னு நெனச்சிக்கினியா? போன தை மாசம் எம்பேரன் இழுத்துக்கினு போனான். கப்பல்ல மூணு நாளு ஆவுமாம். அவனுக்குப் பொறுமை ஏது? ரெண்டு மணி நேரத்துல ஏரோப்ளேன் எறக்கி வுட்டுடுச்சி.

மொதல்ல அவன் மூட்டை கட்டுன கதையக் கேளு. கண்ணாடி ஒண்ணு. வாயில கடிச்சிக்கிற கொழாய் ஒண்ணு. காலுக்கு வாத்து மாதிரி செருப்பு. ஒடம்போட ஒட்டுற முழுக்கைச் சட்டை. போனுக்குத் தனியா ஒரு உறை. நெத்தியில கட்டிக்கிற காமிரா. மூஞ்சியில அப்பிக்கிற கிரீமு வேற. எங்கப்பன் அஞ்சு காணி நெலத்த ஒரு ஏரு, ஒரு மம்புட்டி, ஒரு கோமணத்தோட உழுது சாப்புட்டாரு. ஒரு ஆளு மீனப் பாக்க இத்தன சாமானா? மீனு ஒன்னப் பாக்குறதுக்கு எதுனா கட்டிக்கினு வருதா?

"இதுக்குப் பேரு ஸ்நார்க்கலிங், தாத்தா"ன்னான். கொறட்ட வுடுற மாதிரி கீதேடான்னு சொன்னன். சிரிச்சான். அப்புறம் போன்ல தேடிப் பாத்துட்டு வாயப் பொத்திக்கினான். அது செருமன்காரன் பேச்சாம். சண்டைக் காலத்துல நீர்மூழ்கிக் கப்பலு மூச்சு வாங்குன கொழாய்க்கு வச்ச பேராம். கொறட்டைக்கு அவங்க சொல்லுற சொல்லும் இந்தச் சொல்லும் பங்காளிங்களாம். கெழவன் ஒளறுனாலும் சில நேரம் சரியா ஒளறுவான், தெரிஞ்சிக்க.

இந்தக் கொழாய் இன்னா புதுசா? பாகூரு ஏரியில எரும ஓட்டிக்கினு போன புள்ளைங்கள்லாம் பப்பாளிக் காம்ப வாயில வச்சிக்கினு தண்ணிக்குள்ள ஒளிஞ்சவங்கதான். ஒருத்தன் புத்திசாலி. நீளமா ரப்பர் கொழாய் கொண்டாந்து ஏரி அடி மண்ணுல குந்திக்கினு மூச்சு வுடப் போறன்னான். ஆள் ஒசரத் தண்ணிதான். எறங்குன வேகத்துல கண்ணு பிதுங்க மேல வந்தான். ஏன் சொல்லு? தண்ணி நெஞ்ச அமுக்குது. கொழாய் எவ்வளவு நீளமா இருந்தா இன்னா, நெஞ்சு விரிஞ்சாத்தானே காத்து உள்ள வரும்? அதனாலதான் நீ காசு குடுத்து வாங்குற கொழாயும் ஒரு மொழங்கூட வராது. அதுக்கு மேல நீட்டுனா வுட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கினு கெடப்ப. இத எங்களுக்கு ஏரி சொல்லிக் குடுத்துச்சி. ஒனக்குப் போன்ல யாரோ சொல்லித் தரணும்.

"அப்ப நம்ம மூர்த்திக்குப்பத்துக் கடல்லயே பாக்கலாமே, எதுக்கு அந்தமானு?"ன்னு கேக்குறியா? கேளு, நல்ல கேள்வி. நம்ம கடலு கலங்கலு. பெண்ணையாறும் மலட்டாறும் வண்டலக் கொண்டாந்து கொட்டுது. அந்த வண்டலு இல்லன்னா பாகூருல நெல்லு ஏது? பவளத்துக்கு வண்டலு ஆவாது, மூடிக்கினா செத்துப் பூடும். தண்ணி கண்ணாடியா இருக்கணும், வெயிலு உள்ள எறங்கணும். ஒரே எடத்துல நெல்லும் வேணும் பவளமும் வேணும்னா எப்பிடி? மாமியா வூட்டு விருந்தும் வேணும், மாமியாளும் கூடாதுன்ற கததான்.

போர்ட் பிளேர்ல எறங்குனோம். 2024லேர்ந்து அதுக்குப் பேரு ஸ்ரீ விஜயபுரம். அங்கேர்ந்து ஆவ்லாக். அதுக்கும் 2018லேயே சுவராஜ் தீவுன்னு பேரு மாத்தியாச்சி. டிக்கெட்டு விக்கிறவன் வாயில மட்டும் பழைய பேருதான் வருது. வழியில எம்பேரன் ஒரு கலங்கரை விளக்கத்தக் காட்டி, "பழைய 20 ரூவா நோட்டுக்குப் பின்னால இருக்குமே, அது இதான்"ன்னான். பாத்துக்க, 20 ரூவா நோட்டுல ஓசியாப் பாத்த எடத்த, 500 ரூவா நோட்டா எண்ணிக் குடுத்துப் போய்ப் பாத்தோம்.

ஆவ்லாக்குல எலிஃபெண்ட் பீச்சுன்னு ஒரு கரை. படகுலயும் போலாம், காட்டு வழியா நடந்தும் போலாம். அந்தத் தீவுல ராஜன்னு ஒரு யானை இருந்துச்சாம். மரம் இழுக்கக் கொண்டாந்த யானை. வேலை நின்னப்புறமும் கடல்ல நீந்திக்கினு இருந்துச்சாம், 2016ல செத்துப் போச்சாம். அதோட படத்தக் காட்டுனாங்க. ஒடம்பு பூரா தண்ணிக்குள்ள, தும்பிக்க மட்டும் மேல. எம்பேரன் கையில இருந்த கொழாயப் பாத்தன், படத்தப் பாத்தன். ராஜனுக்குச் சாமி குடுத்தது, தொலையாது. ஒனக்கு வாடகைக்குக் குடுக்குறாங்க, அதுக்கு முன்ன எவன் வாயில இருந்துச்சோ! நல்ல தண்ணியில கழுவிட்டு வாயில வை. வெக்கப்படாத.

கரையில எங்களுக்கு ஒரு வழிகாட்டிப் பையன். ராமநாதபுரத்து வம்சம், தமிழு நல்லா பேசுனான். லைஃப் ஜாக்கெட்டு மாட்டி வுட்டான். எம்பேரன், "எனக்கு நீச்சல் தெரியும், இது எதுக்கு? போட்டோவுல நல்லா இருக்காது"ன்னு மொனவுனான். நான் தலையில ஒண்ணு வச்சன். ஏரியில நீந்துனவனுக்கும் கடலு புதுசுதான். ஏரி ஒன்ன வச்சிருக்கும். கடலு இழுத்துக்கினு பூடும். அந்தச் சாமான் மூட்டையில உருப்படியா ஒண்ணு உண்டுன்னா அது அந்த ஜாக்கெட்டுதான்.

அந்தக் காலத்துல தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிச்சாங்களே, தெரியுமா? 1961ஓட அது நின்னு போச்சி. இடுப்புல கயிறு, காலுல கல்லு, அடக்குன மூச்சி. மேல கயித்தப் புடிக்கிறவன் மச்சானாத்தான் இருக்கணுமாம். கூடப்பொறந்தவ தாலிக்காவது பயந்து இழுப்பானாம். பெரியவங்க சொல்லுவாங்க. இப்ப ஒன் கயிறு யாரு கையில? ஒரு ரப்பர் வளையத்தப் புடிச்சிக்கச் சொல்லி அந்தப் பையன் இழுத்துக்கினு போறான். அவனுக்கும் ஒனக்கும் இன்னா ஒறவு? அவன் தங்கச்சியையா கட்டியிருக்க? ஒரு மணி நேரத்துக்கு மச்சான் அவன்தான்னு நெனச்சிக்க. மொறைக்காத. சொல்லுறதக் கேளு. திரும்பச் சொன்னா திரும்பு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரன். எம்பேரன் கண்ணாடிய மாட்டிக்கினு எறங்குனான். ரெண்டு நிமிசத்துல பனி மூட்டம். ஒண்ணும் தெரியல. கழட்டித் தொடைக்கிறான், மாட்டுறான், மறுபடி மூட்டம். மாட்டுப் பொங்கலுக்கு வாங்குன தங்க மோதிரம் விலை இருக்கும் அந்தக் கண்ணாடி. வழிகாட்டிப் பையன் சிரிச்சிக்கினே, "எச்சி துப்புங்க, சார்"ன்னான்.

இன்னாது?

"ஆமா தாத்தா. உள்பக்கம் எச்சி துப்பித் தேச்சி, கடத்தண்ணியில ஒரு தடவ அலசிட்டு மாட்டுங்க. மூட்டம் வராது"ன்னான். மூஞ்சிச் சூட்டுக்குக் கண்ணாடியில நீராவி முத்து முத்தா நிக்குது. எச்சி பட்டா முத்தா நிக்காம பரவிப் பூடுதாம். வெள்ளக்காரனும் இதத்தான் பண்ணுறானாம். எனக்கு வந்த சிரிப்ப இன்னான்னு சொல்ல! இத்தன ஆயிரம் ரூவா சாமானும் வேலை செய்யணும்னா, கடைசியில ஒன் வாயில ஓசியா ஊறுறது வேணும்.

நானும் துப்புனன். மறந்து பூட்டன் தம்பி, வாயில வெத்தலபாக்கு இருந்துச்சி. கண்ணாடி பூரா செவப்பு. பையன் தலையில அடிச்சிக்கினான். நாலு தடவ அலசியும் ஓரத்துல ஒரு செவப்பு நின்னு போச்சி. அதோடவே எறங்குனன். எல்லாருக்கும் நீலக் கடலு, எனக்கு மட்டும் சாயங்காலக் கடலு.

இப்ப உள்ள பாத்தத சொல்லட்டுமா? இங்க நான் கேலி பண்ண மாட்டன். கண்ணுல நேராத் தண்ணி பட்டா எல்லாம் மங்கல். நடுவுல கொஞ்சம் காத்து இருந்தா அப்பிடியே தெரியுது. பூவு மாதிரி, மான்கொம்பு மாதிரி, மூளை மாதிரி பவளம். பூ இல்ல, பாறையும் இல்ல, உசுரு! கடுகு கடுகாப் பூச்சிங்க கூடி, தலமொற தலமொறையாக் கட்டுன வூடு. உருண்டையா நிக்குறது வருசத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். என் ஒசரத்துக்கு ஒண்ணு நின்னுச்சி. நம்மூருல சோழன் மூலநாதரு கோயிலு கட்டுனான்னு பெருமை பேசுறோமே, அந்தப் பூச்சிக்குக் கொத்தனும் கெடயாது, கொம்யூன் பஞ்சாயத்து அனுமதியும் கெடயாது.

அது மேல ஒருத்தன் ஏறி நிக்கிறான் தம்பி! மூச்சு வாங்குதாம், கொஞ்ச நேரம் நிக்கிறானாம். கோயில் கலசத்து மேல ஏறி நின்னு பீடி குடிப்பியா? ஏற்கெனவே 2010ல தண்ணி சூடேறி அந்தமான் பக்கம் பவளமெல்லாம் வெளுத்துப் போச்சாம். சோறு ஆக்கிப் போடுற பாசி வெளிய ஓடிட்டா பவளம் வெளுத்துப் பட்டினி கெடக்கும். பட்டினி கெடக்குறவன் தோள்ல ஏறி நிக்காத. செத்த பவளத் துண்டக்கூடப் பையில போட்டுக்கினு வராத. 1972 வனவிலங்குச் சட்டத்துல புடிச்சி உள்ள வச்சிடுவாங்க. அலமாரியில வைக்க ஒரு பொம்ம வேணும்னா வில்லியனூருத் தேருக்குப் போ, மண்ணு பொம்ம கெடைக்கும்.

கிளிமீன்னு ஒரு மீனு. பச்ச, நீலம், மூக்கு நெசமாவே கிளி மூக்கு. பவளத்தக் கறுக்கு முறுக்குன்னு கடிக்கிற சத்தம் தண்ணிக்குள்ள கேக்குது. தின்னத அரச்சி மணலா வெளிய வுடுது. கரையில கெடக்குற அந்த வெள்ள மணல்ல ஒரு பங்கு அதோட கைங்கரியந்தான். அதுல மல்லாந்து படுத்துக்கினு கல்யாண ஜோடிங்க போட்டோ புடிக்குதுங்க. நான் ஒண்ணும் சொல்லல. எதுக்கு வம்பு?

இன்னொண்ணு. அந்தக் கண்ணாடி பொய் சொல்லும். மூணு வெரலு மீனு நாலு வெரலாத் தெரியும். செம்படவன் கையால காட்டுற மீனு அளவு எங்கேர்ந்து வந்துச்சின்னு அன்னிக்குத்தான் புரிஞ்சிச்சி. ஊருக்கு வந்து நீ அளக்கும்போது கால்வாசியக் கழிச்சிட்டுச் சொல்லு. நானும் கழிச்சிக்கினுதான் கேப்பன்.

எம்பேரன் இன்னா பாத்தான்னு கேக்குறியா? காமிரா ஓடுதா இல்லயான்னு பாத்தான். செவப்பு வெளக்கு எரியுதா, கோணம் சரியான்னே பொழுது போச்சி. ராத்திரி ஓட்டலு ரூமுல போட்டுப் பாத்தோம். அரமணி நேரப் படத்துல பாதி அவன் முட்டி, மீதி நொர. ராமேஸ்வரம் பக்கம் கடப்பாசி எடுக்குற பொம்பளைங்க காலுல தகட்டத் தட்டிக் கட்டிக்கினு, வெரலுல துணி சுத்திக்கினு முங்குறாங்க. அவங்க நெத்தியில காமிரா இல்ல. எந்தப் பாறையில எந்தப் பாசின்னு இருட்டுலயும் சொல்லுவாங்க. யாரு கடலப் பாத்தவங்க?

செலது சுருக்கா சொல்லிடுறன். மழக்காலத்துல போவாத. கார்த்திகைக்கு அப்புறம் போ, சித்திரைக்குள்ள வந்துடு. ராத்திரி குடிச்சிட்டுக் காலையில எறங்காத. இழுப்பு இருந்தா வழிகாட்டிகிட்ட மறைக்காத, அவன் பொண்ணு குடுக்கப் போறதில்ல. மொதல உண்டுன்னு பலகை வச்ச எடத்துல வீரம் காட்டாத. அங்க உப்புத்தண்ணி மொதல நெசமாவே உண்டு, அதுக்கு ஒன் ஃபாலோயர் கணக்குத் தெரியாது.

ஒரு புண்ணியம் மட்டும் உண்டு தம்பி. கொழாய வாயில கடிச்சிக்கினா பேச முடியாது. எம்பேரன் பொறந்து இருவத்து மூணு வருசத்துல முழுசா அரமணி நேரம் சும்மா இருந்தது அன்னிக்குத்தான். அதுக்குக் குடுத்த காசு பெருசில்ல.

ஊருக்கு வந்தோம். அந்தக் கண்ணாடி ஆணியில தொங்குச்சி. பேரன் வேலைக்குப் பூட்டான். மாசி மாசம் எம்பொண்டாட்டி மொளகா இடிக்க ஒரலண்ட குந்துனா. வருசா வருசம் கண்ணு எரிச்சலும் தும்மலுமா ஊரைக் கூட்டுவா. இந்த வருசம் சத்தமே இல்ல. எட்டிப் பாத்தன். அந்தமானுக்குப் போன கண்ணாடிய மாட்டிக்கினு இடிச்சிக்கினு கீறா. கண்ணும் மூடியாச்சி, மூக்கும் மூடியாச்சி. வாயால மூச்சு வுட்டுக்கினு ராணி மாதிரி குந்தியிருந்தா.

நடுவுல கழட்டுனா. மூட்டம் போட்டிருக்கும் போல. உள்பக்கம் தூன்னு ஒரு துப்பு, முந்தானையால ஒரு தேய்ப்பு, மறுபடி மாட்டிக்கினா.

அவளுக்கு எந்த வழிகாட்டிடா சொல்லிக் குடுத்தான்?