பொய்த்தவளையின் ஆயுள்: ஐதராபாத் பாறைகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் தீட்டி, மேலே கண்ணாடிபோல் பூச்சு ஏற்றிய பொய்த்தவளை ஒன்று எதற்காக இவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? தூண்டில்காரர்கள் இதை லூர் என்பார்கள். தவளை வடிவில் இருந்தால் ஃப்ராக். கையால் லூர் செய்பவர் யாரைக் கேட்டாலும், “மீன் கடிக்குமே, தாங்க வேண்டாமா?” என்று நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். கேள்வி அத்தோடு முடிந்துவிட்டதாகவே உலகம் கருதுகிறது. முடியவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. லூரின் உறுதிக்கும் மீனுக்கும் தொடர்பு மிகச் சொற்பம். அந்த உறுதி முழுக்க முழுக்க மீன் கடிக்காத நேரத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. மீன் வருகிற நாளில் எந்த லூரும் போதும். வராத நாளில்தான் நல்ல லூர் தேவைப்படுகிறது. இதை நிறுவ ஐதராபாத்தைக் களமாகக் கொள்கிறோம். என்னையெனின், கடிக்கும் மீனும் கடிக்காத கல்லும் அருகருகே வாய்த்த நகரம் அது.

முதலில் மீன். தெலுங்கில் கொர்ரமீனு என்றும் தமிழில் விரால் என்றும் பெயர் பெற்ற இது தெலங்கானாவின் மாநில மீன். செவுளை மட்டும் நம்பி வாழாமல், அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிப் போகும் இனம். ஆகாயத்தாமரையும் பாசியும் மூடிய குளத்தில் மற்ற மீன்கள் மூச்சுத் திணறும்போதும் இது வசதியாக இருப்பதற்கு அதுவே காரணம். ஐதராபாத் ஏரிகளில் ஆகாயத்தாமரைக்குப் பஞ்சமில்லை என்பதால் விராலுக்கும் லூருக்கும் இயல்பான சந்திப்பிடம் நீர்மட்டம்தான். செம்மை படர்ந்த குஞ்சுகளைக் கூட்டமாக மேய்க்கும் காலத்தில் குறுக்கே எது வந்தாலும் பெற்ற மீன் பாய்ந்து அடிக்கும். பசியைவிடக் கோபம் அங்கே அதிகம். இந்த அடி ஒரு நொடி விவகாரம். அந்த நொடிக்குள் முள் தைத்துவிடும் அல்லது தைக்காது. இரண்டில் எது நடந்தாலும் லூருக்கும் விராலின் பல்லுக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்தது.

இனிக் கல். ஐதராபாத் நிற்கும் கருங்கல் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழையது. துர்கம் செரு ஏரியைச் சுற்றி மென்பொருள் கட்டடங்களுக்கு இடையே இன்னும் தலைநீட்டிக்கொண்டிருப்பது அந்தப் பாறையே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மீர் ஆலம் ஏரியின் அணை, வரிசையாக 21 அரைவட்ட வளைவுகள் கொண்ட கற்கட்டு. பொறியியல் மாணவர்கள் அதை வியப்பார்கள். லூருக்கு அது வேறு மாதிரித் தெரியும். காலை முழுக்க நூறு முறை வீசுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விரால் மாட்டினால் நல்ல நாள். மிச்சம் 99 வீச்சில் லூர் எங்கே போகிறது? சில தண்ணீரில் விழும், சில ஆகாயத்தாமரையில் சிக்கும், கை கொஞ்சம் மிஞ்சிய வீச்சுகள் நேரே பாறையில் போய் மோதும். பாறைகளைக் காப்பதற்கென்று இந்நகரில் 1996 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. மிகவும் பாராட்டத்தக்க பணி. ஆனால் பாறையும் லூரும் மோதும் நிகழ்வில் பாதுகாப்பு யாருக்குத் தேவை என்பதைப் பக்கச்சார்பின்றி நோக்கினால், நியாயமாக இரண்டாவது சங்கம் ஒன்றும் வேண்டும்.

சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். லூர் செய்யும் முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படியையும் எடுத்துவைத்து, “இது யாருக்கு எதிராக?” என்று கேட்டுப் பார்க்கலாம். மரம் இலேசானதாக வேண்டும். நிர்மல் பொம்மைக்கும் செரியால் முகமூடிக்கும் பயன்படும் பொனிக்கி மரம் இதற்குத் தோதானது: தக்கைபோல் கனமின்மை, கத்தி போன பக்கம் வளைந்துகொடுக்கும் குணம். செரியால் கலைஞர்கள் அதன்மேல் மரத்தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் குழைத்து அப்பி மூக்கும் கன்னமும் எழுப்புவார்கள். சுவரில் மாட்டும் முகமூடிக்கு அது தலைமுறை தாங்கும். தண்ணீரில் போட்டால் புளியங்கொட்டை தன் பூர்வீகத்தை நினைத்துக்கொண்டு கரையத் தொடங்கும். ஆகவே லூர்க்காரர் மரத்தின் வாயை முதலில் அடைக்கிறார். நீர்த்த வார்னிஷில் முக்கி, காயவிட்டு, நரம்பு எழும்பிய இடத்தைத் தேய்த்து, மறுபடி முக்குவார். தலையிலும் வாலிலும் மரத்தின் நரம்பு வெட்டுப்பட்டு வாய் திறந்திருக்கும்; தண்ணீர் குடிப்பது அங்கேதான் என்பதால் அந்த இரண்டு இடத்துக்கும் கூடுதல் உபசாரம். எதிரி யார்? தண்ணீர். மீன் இன்னும் வரவில்லை.

அடுத்தது கம்பி. சின்ன வளையத் திருகாணியை மரத்தில் முறுக்கினாலே நூலையும் முள்ளையும் கட்டிவிடலாம். ஆனால் அந்தத் துளைதான் பிற்காலத்தில் லூரின் மரண வாசல். ஊசி நுழையும் இடைவெளி போதும். தண்ணீர் உள்ளே போய் மரம் ஊதும், பூச்சு வெடிக்கும், வெடித்த வழியே இன்னும் தண்ணீர். தெரிந்தவர்கள் துருப்பிடிக்காத கம்பியை மூக்கிலிருந்து வால் வரை ஒரே துண்டாக ஒரு பள்ளத்தில் ஓட்டி, அந்தப் பள்ளத்தை அரால்டைட் பசையால் நிரப்பிவிடுவார்கள். பின்னர் சாயம். கொசுவலைத் துண்டைப் போர்த்தி மேலே சாயம் தெளித்தால் செதில் தானாக விழும். தவளைக்குப் புள்ளிகள் வைத்தால் போதும். கடைசியாக மேற்பூச்சு. இரண்டு குழம்பைக் கலந்து பூசும் எபாக்சி ஒரு பக்கமாக வழிந்து தொங்காமல் இருக்க, லூரைக் கம்பியில் கோத்து மெல்லச் சுழலும் மோட்டாரில் மணிக்கணக்கில் சுற்றவிட வேண்டும், கல்யாண வீட்டுக் கோழிபோல. இங்கே ஐதராபாத்தின் பஞ்சாங்கம் குறுக்கிடுகிறது. மே மாதத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும் பகலில் பூசினால், சூடேறும் மரம் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும்; பூச்சில் கொப்புளம் கொப்புளமாக எழும். மரம் ஆறத் தொடங்கும் சாயங்காலத்தில் பூசினால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பூச்சும் கூடவே படியும். சரி, வெயில் போகட்டும் என்று ஜூனுக்குத் தள்ளினால், மழைக்காற்றின் ஈரத்தில் எபாக்சி மேல் வெண்படலமும் பிசுக்கும் கட்டும். ஆக எதிரிகள் வெயில், ஈரம், காற்று. மீன் இன்னும் வரவில்லை.

செய்து முடித்த பிறகாவது மீன் வருமா என்றால், அதற்கு முன் லூர் பெட்டிக்குள் போகிறது. பெட்டியில் பக்கத்து அறையில் இருக்கும் ரப்பர் புழு சாயம் பூசிய உடம்பைத் தொட்டபடி வெயிலில் கிடந்தால், தொட்ட இடம் பிசுபிசுத்து இளகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மீன் வடிவ லூராக இருந்தால் வயிற்றில் தொங்கும் மூன்றுமுள் முன்னும் பின்னும் ஆடி ஆடி, முள்ளின் நுனி எட்டும் தூரத்துக்கு ஒரு பிறைக்கோடு போடும். நாள்பட்ட லூர் எதை வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள்; காம்பஸ் வைத்துக் கீறியதுபோல் அந்தப் பிறை இருக்கும். முதலில் வார்னிஷ் போகும், பிறகு சாயம், பிறகு வெள்ளை அடிப்பூச்சு, பிறகு மரம். வேறெந்த ஆயுதமும் எதிரியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரத்தில் தன் வயிற்றைத் தானே இவ்வளவு ஒழுங்காகக் கீறிக்கொள்வதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டுச் சான்றும் இதையே சொல்கிறது. பின்லாந்தின் லவுரி ராபலா 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டை ஒட்டி, உருக்கிய புகைப்பட நெகட்டிவை மேலே பூசித் தம் முதல் லூரைச் செய்ததாக அவர் பெயரில் நடக்கும் நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. மீனுக்கு மினுமினுப்பு போதும். அதைச் சாக்லேட் தகடே தந்துவிட்டது. நெகட்டிவ் எதற்கு? தகடு உரியாமல் இருப்பதற்கு. தகடு உரிவதால் வருந்துபவர் மீனா, மனிதரா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். நம் பக்கத்துச் சான்று சார்மினார். 1591இல் எழுந்த அக்கட்டடத்தின் ஒரு மினாரிலிருந்து 2019 மே மாதம், மழையைத் தொடர்ந்து, சுண்ணாம்புச் சாந்து வேலைப்பாட்டின் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. நானூறு ஆண்டுக்குமேல் அதை எந்த மீனும் கடித்ததில்லை. மேல்தோலுக்கும் உடம்புக்கும் இடையே நீர் புகுந்தால் மினாரும் லூரும் ஒரே சாதி.

இனிப் பூர்வபட்சம். “கடலில் சீலாவும் பாரையும் அடிக்கும் அடியில் மரம் பிளக்கிறதே, அதற்கென்ன பதில்?” என்பர். பிளக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிளந்த லூரை யாரும் துக்கத்தோடு காட்டுவதில்லை. பல்தடம் பதிந்த லூர் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிக்குப் போகிறது; பாறையில் மூக்கு உடைந்த லூர் குப்பைக்குப் போகிறது. மீனால் வரும் சேதம் சேதமாகவே எண்ணப்படாதபோது, அதைத் தடுக்கவே பூச்சு என்பது பொருந்தாது. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: பளபளப்பும் வேலைப்பாடும் மீனைக் கவர்வதற்கு என்பது. இதற்கு சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் விடை நிற்கிறது. ஒரே மரத்தில் முன்னால் மெஃபிஸ்டோஃபிலிசும் பின்னால் மார்கரெட்டாவுமாகச் செதுக்கிய இரட்டைச் சிலை. ஒருபக்கம் நின்று பார்ப்பவருக்கு மறுபக்கத்தைக் காட்டப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பொய்த்தவளையும் அவ்வாறே. விரால் கீழிருந்து பார்க்கிறது. அதன் கண்ணுக்கு எட்டுவது வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கரிய வயிறும் உதைக்கும் காலும். மேலே பொன் வளையமிட்ட கண், முதுகின் பச்சைப் புள்ளி, உதட்டோரச் செம்மை எல்லாம் கரையில் நிற்பவருக்கு. இரண்டு முகங்களில் மீனுக்குரிய முகத்துக்கு ஒரே வண்ணம் போதுமாயிருக்க, செய்பவர் மற்ற முகத்தில் மூன்று நாள் செலவிடுகிறார். இதில் ஒரு கொடுமையும் உண்டு: பூச்சு ஏற ஏற லூர் கனத்து, தண்ணீரில் தாழ்ந்து, ஆட்டம் குறையும். அளவு மீறிய பூச்சுள்ள லூர் நெடுநாள் வாழும், மீனுக்கோ மரக்கட்டையாகத் தெரியும். மீனைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஆயுள் வாங்கப்படுகிறது.

“அப்படியானால் உறுதியே இல்லாத இரை உண்டா?” எனின், உண்டு, அதுவும் ஐதராபாத்திலேயே. மிருகசிர கார்த்தி நாளில், ஜூன் முதல் பாதியில், நாம்பள்ளி பொருட்காட்சித் திடலில் பத்தினி கவுட் குடும்பத்தார் ஆஸ்துமாகாரர்களுக்கு வழங்கும் மீன் பிரசாதம் புகழ்பெற்றது. 1845 முதல் நடப்பதாக அக்குடும்பத்தின் மரபு. ஏறத்தாழ இரண்டு அங்குல உயிர் விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிறப் பசையை வைத்து, அப்படியே நோயாளியின் தொண்டைக்குள் விடுகிறார்கள். மருந்தாக அதன் பலனை ஆராய்வது நம் துறை அன்று. இரையியல் நோக்கில் இது முழுமையான லூர். வழுக்கும், தானே நீந்தி உள்ளே போகும், விழுங்கியவர் துப்ப முடியாது. வார்னிஷ் இல்லை, கம்பி இல்லை, எபாக்சி இல்லை. விழுங்கப்படுவது உறுதி என்றால் உறுதி தேவையில்லை. அயிரையைப் போட்டு விராலைப் பிடிக்கிறது என்ற நம் பழமொழியிலும் அயிரை திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சில்லை. வெற்றி பெற்ற இரைக்கு ஆயுள் கிடையாது. ஆயுளை விரும்பும் இரை, தான் வெறுங்கையோடு திரும்பிவரப் போகிறோம் என்பதை முன்னறிந்து உடுத்துக்கொள்கிறது.

திணை வகுப்பும் இதை ஒத்துக்கொள்கிறது. லூரை மீனோடு சேர்த்து நெய்தல் என்றோ குளத்தோடு சேர்த்து மருதம் என்றோ அவசரப்பட்டுச் சொல்வோர் முதற்பொருளில் மயங்குகிறார்கள். உரிப்பொருள் பார்த்தால், காலை முழுக்கக் கரையில் நின்று வராததற்காக ஆற்றியிருப்பது முல்லை. முள் நழுவிய கணம் மட்டும் நெய்தல். வெறுங்கையோடு வீடு திரும்பியபின் வாசலில் நடப்பது மருதம். அதை விரிக்க வேண்டாம். இந்தக் காத்திருத்தலுக்கு ஏட்டுச் சான்றும் உண்டு. சென்னை ராஜதானியில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ வெளியிட்டார். குளத்துத் தூண்டிலுக்கென்றே 1887இல் ‘டாங்க் ஆங்கிலிங் இன் இந்தியா’ என்று அவரிடமிருந்தே தனி நூல் வந்தது. இடையே பதினான்கு ஆண்டு. அந்தக் காலத்தில் அவருக்கு எத்தனை மீன் கிடைத்தது என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. புத்தகம் எழுதும் அளவுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

எஞ்சிய மறுப்பு ஒன்றே. “இவ்வளவு பாடுபட்டுச் செய்த லூர் மூன்றாம் வீச்சில் ஆகாயத்தாமரை வேரில் மாட்டி, நூல் அறுந்து, கையைவிட்டுப் போகிறதே, அப்போது அதன் உறுதி வீண்தானே?” இல்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கி ஓரத்துச் சேறு வெடிக்கும்போது அப்படி ஒன்று வெளியே தலைகாட்டினால் எடுத்துக் கழுவிப் பார்க்கலாம். முள் துருவாகிக் கரைந்திருக்கும். கம்பி வளையத்தில் ஒரு பழுப்புக் கறை மட்டும் மிச்சமிருக்கும். பொன் வளையமிட்ட கண் மட்டும், சாயங்காலத்தில் நிதானமாகப் பூசிய பூச்சின் அடியில், அன்று கடையிலிருந்து வந்ததுபோல் விழித்துக்கொண்டிருக்கும்.