கார்ச்சுழி இலக்கணம்

மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்த்து, இது தனவிருத்தி தருவது, இது குடிகெடுப்பது என்று நுட்பமாக வகுத்து வைத்த நம் முன்னோர், மோட்டார் காரின் சுழியைப் பற்றி ஒரு சூத்திரமும் இயற்றாமற் போனது அவர்கள் குற்றமன்று. அக்காலத்தில் காரும் இல்லை, அதற்கு ரப்பிங் பாலிஷ் போடும் கடையும் இல்லை. ஆனால் இன்று, ஆயுத பூஜைக்கு முன்தினம் அவசர அவசரமாக மெருகேற்றப்பட்ட ஒரு கறுப்புக் கார், சந்தனமும் குங்குமமும் தரித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உச்சி வெயிலில் வந்து நிற்கையில், அதன் பானெட்டின் மேல் சூரிய பிம்பத்தை மையமாகக் கொண்டு தரைச்சக்கரம் விட்டாற்போல் வட்டக் கோடுகள் படர்வதைக் கண்ட பின்னும் சாஸ்திரக்ஞர்கள் மௌனம் சாதிப்பது நியாயமாகாது.

முதற்கண் மேனியின் லட்சணத்தை அறிதல் வேண்டும். தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், யாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று நான்கு அடுக்குகள் இருப்பினும், அனைத்தும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். கிளியர் மட்டும் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான். வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கி நிற்பது அந்த மெல்லிய அடுக்கே. மெருகென்பது எதையோ பூசுவதென்று பாமரர் கருதுவர். அது உண்மையில் கழித்தல் கணக்கு.

பட்டாசுச் சீமைக்காரருக்கு இந்தப் பூச்சு அந்நியமுமன்று. மெட்டாலிக் நிறத்தில் மினுங்குவதும், மத்தாப்பில் வெள்ளொளி சிந்துவதும் ஒரே அலுமினியந்தான். 1802இல் வெடிமருந்து உற்பத்திக்கென்றே பிறந்த அமெரிக்க டூபான்ட் நிறுவனம் 1923இல் காருக்கென்று கொண்டுவந்த டியூகோ பூச்சோ, புகையில்லா வெடிமருந்துக்கு மூலமான நைட்ரோசெல்லுலோஸின் நேர் ஞாதி.

இனிச் சுழியின் உற்பத்தி. கரிசற்காட்டுத் தூசியைத் தண்ணீர் விட்டு நெகிழ்த்தாமல் உலர்துணியால் துடைப்பது பூர்வ காரணம். வெயிலில் கொதிக்கும் தகட்டின்மேல் முரட்டுக் காம்பவுண்டைத் தடவி, கம்பளிப் பேட் மாட்டிய பஃபிங் மிஷினை அழுத்திப் பிடிப்பது பிரதான காரணம். தீப்பெட்டித் தொழிலைக் கற்கச் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்கே சென்று தங்கிப் பயின்றார்கள். அதே சிவகாசி மண்ணில், மிஷினைக் காலையில் வாங்கியவர் மாலைக்குள் ஆசாரியராகிவிடுகிறார்.

இவ்விடத்தில் ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது. கீறல்கள் மெய்யாகவே வட்டமாக உள்ளனவா? டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு காரைப் பிரதட்சிணம் செய்க. வட்டங்களும் கூடவே வரக் காண்பீர். தாறுமாறாய் நாற்றிசையிலும் கிடக்கும் கீறல்களுள், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளைவாக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் தோன்றுகிறது. ஆகவே வட்டம் மித்யை, கீறல் சத்தியம். மாயாவாதிகளுக்கு இதைவிட மலிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

“நிழலில் நிறுத்துங்க சார், ஒன்றும் தெரியாது” என்பது கடைக்காரர் தரப்புப் பூர்வபட்சம். சீமைக்கருவேல் தவிர நிழலுக்கு வேறு மரம் தேட வேண்டிய வட்டாரத்தில், எந்த வெயிலை நம்பித் தீக்குச்சியும் பட்டாசும் காய்கின்றனவோ அந்த வெயிலையே சாட்சிக் கூண்டிலிருந்து விலக்கச் சொல்வது வாதமாகாது. வேறு சிலர் கீறலின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தடவி அனுப்புவர்; நாலைந்து வாட்டர் வாஷில் அந்த வேஷம் கலையும்.

பரிகாரம் உண்டு. மிச்சமிருக்கும் கனத்தைக் கருவியால் அளந்து, ஓரங்களில் பூச்சு மெலிந்திருக்குமாதலால் அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில், தகடு குளிர்ந்த பின், நைஸ் காம்பவுண்டும் மெத்தென்ற ஃபோம் பேடும் கொண்டு ஒரு சாண் இடத்தில் சோதித்துப் பார்த்தே மேற்செல்ல வேண்டும். தேய்க்கும் துணியில் காரின் நிறமே ஏறுமானால் கிளியர் கரைந்துவிட்டது; அப்பால் எந்த மெருகும் பலிக்காது, பெயின்டரிடம்தான் போக வேண்டும். இவற்றிலெல்லாம் அபாயகரமானது, கெடுத்தவரே கைகூப்பி, “இலவசமாக இன்னொரு தரம் போட்டுத் தருகிறேன்” என்று முன்வருவது. அவர் மனம் நோகலாகாதென்று தாட்சிணியம் பார்ப்பவர், ஸ்டெப்னியை மட்டும் கழற்றிக் கொடுத்துவிட்டு வரலாம்.