சுங்குடி திரும்பி வந்திருக்கிறது

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த என் மகள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். "அம்மா, இப்ப இதுதான் ஃபேஷன். ஆபீஸ்ல எல்லாரும் இதைத்தான் கட்டுறாங்க." அரக்கு நிறம், உடல் முழுக்க வெள்ளைப் புள்ளி. சுங்குடி! நாற்பது வருஷத்துக்கு முன்னால் எதை வேண்டாம் என்று அழுதேனோ, அது.

மதுரையில் மகாலுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. சந்து முழுக்க சௌராஷ்டிரக் குடும்பங்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் வெள்ளைத் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அத்தையின் கையை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். குறி வைத்த இடத்தில் துணியை நகத்தால் கடுகளவு கிள்ளித் தூக்குவார். நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்குவார். உடனே அடுத்த குறி. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும், கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடும். சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பார்கள். நூல் படபடவென்று தெறிக்கும். முடிச்சு இருந்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக வெள்ளை பூக்கும். அதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா வேறு சேலை கட்டி நான் பார்த்ததில்லை. கத்தரி வெயிலில் உடம்பில் ஒட்டாது, நாலு தடவை துவைத்தால் பூப்போல ஆகிவிடும் என்பார். நைந்த சேலை உத்தரத்தில் தூளியாகும். என் தம்பி வளர்ந்தது அதில்தான்.

அம்மா காலத்தில் பாலியஸ்டர் வந்தது, அப்புறம் பூனம் சேலை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காலை ஏழரைக்கு பஸ் பிடிக்க வேண்டியவர். சுங்குடிக்குக் கஞ்சி போட வேண்டும், பெட்டி போட வேண்டும், முதல் சில தடவை சாயம் போகும் என்று தனியாக அலச வேண்டும். பூனத்தை ராத்திரி அலசிக் கொடியில் போட்டால் காலையில் உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆனால் நான் அழுததற்கு அந்த மாதிரிக் காரணம் எதுவும் கிடையாது. 1985-ல் நதியா நடித்த 'பூவே பூச்சூடவா' படம் வந்தது. கடைத்தெருவில் நதியா கம்மல், நதியா வளையல்! எனக்குச் சுடிதார்தான் வேண்டும். அந்தத் தீபாவளிக்கு அப்பத்தா சுருக்குப்பைக் காசில் எனக்கொரு சுங்குடித் தாவணி எடுத்து வந்தார். மாம்பழ மஞ்சள், பக்கத்து வீட்டு அத்தையே கட்டியது. "இதெல்லாம் கிழவிங்க கட்டுறது" என்றேன். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

நாங்கள் வேண்டாம் என்றதும் கட்டுகிறவர்களும் குறைந்தார்கள். நாள் முழுக்கக் கிள்ளிக் கட்டினாலும் கையில் நிற்கிற கூலி சொற்பம். அதே புள்ளியை மெழுகு அச்சிலும் ஸ்கிரீனிலும் சீக்கிரம் போட்டுவிடலாம் என்றானபின் கடைக்காரர்கள் காத்திருப்பார்களா? 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குள் எங்கள் சந்தில் திண்ணைகளே இல்லை. இடித்து மாடி கட்டிவிட்டார்கள்.

மகளின் சேலையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. வெறும் பிரிண்ட். அச்சில் வார்த்ததுபோல எல்லாப் புள்ளியும் ஒரே அளவு. 'கையால் முடிச்சுப் போட்டது' என்று எழுதி ஒட்டியிருந்தது கடை. அதற்கேற்ற விலையும் வாங்கியிருந்தது. என் வயிறு எரிந்தது. புள்ளி மட்டும் திரும்பி வந்து, கட்டிய கைக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்றால் எப்படித் தாங்குவது?

டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் தாவணியை எடுத்து மகள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே நிறம். ஒரு புள்ளிபோல இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓரம் லேசாகக் கலைந்து, சிலவற்றின் நடுவில் கிள்ளிய நுனி சாயம் குடித்த துளி. தடவினால் அங்கங்கே துணி இன்னும் சுருங்கி எழும்பி நின்றது. மகள் ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

மறுநாள் அத்தையைப் பார்க்கப் போனோம். எண்பது தாண்டிவிட்டது, ஊசி கோர்க்கக் கண் தெரியாது. தாவணியைக் கையில் வாங்கியவர் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார்: "இது நான் கட்டினது. உங்க அப்பத்தா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

மகள் அவர் காலடியில் உட்கார்ந்து, கைக்குட்டையை நீட்டி, ஒரு முடிச்சு சொல்லித் தரச் சொன்னாள். அத்தை கிள்ளிக் காட்டினார். மகள் கட்டியது நழுவிவிட்டது. "நகம் வளர்க்கணும்த்தா" என்றார் அத்தை.

அவருடைய தங்கை மருமகள் இன்னும் கட்டுகிறாராம். ஒரு சேலைக்குச் சொல்லி, கேட்ட கூலியை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தோம். ஆவணிக்குள் முடியாது, தீபாவளி ஆகும் என்றார். காத்திருக்கிறேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.